மயிலாத்தாள் டீச்சரின் தொடைக் கணக்கு

வண்டி நகர்ந்த பிறகுதான் மயிலாத்தாள் டீச்சருக்கு உறைத்தது, உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்துவிட்டோம் என்று. ஓட்டுநருக்குப் பின்னால், வண்டியின் பக்கவாட்டை ஒட்டிப் போட்டிருந்த நீள பெஞ்சு அது. தாழ்ந்தது, ரெக்ஸின் கிழிந்தது, ஊர்ப்பட்ட பேர் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழி விழுந்தது. முன்னால் பிடிக்க ஒரு கம்பி கிடையாது. மேலே ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிகள் நிற்கிறவர்களுக்கானவை. உட்கார்ந்தவர்களுக்கு அவை வானத்து நட்சத்திரம். காலையில் வரும்போது எத்தனை ஜாக்கிரதையாக, முன்சீட்டுக் கம்பி கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்! இப்போது காந்திபுரத்தில் ஏறியதும் ஒரு கல்லூரிப் பெண், "பாட்டி, இங்க உக்காருங்க" என்று துள்ளி எழுந்து இடம் கொடுக்க, மரியாதையை மறுத்தால் இந்தப் பிள்ளைகள் அடுத்த கிழவிக்கு எழமாட்டார்கள் என்கிற ஆசிரியப் புத்தி முந்திக்கொள்ள, தொப்பென்று உட்கார்ந்தாயிற்று. உட்காருவதில் ஒன்றும் சாமர்த்தியம் இல்லை, அதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். எழுவதற்குத்தான் ஆள் வேண்டும். அதிலும் சொந்த ஆள், தொடைக்குள்ளே இருக்கிற ஆள். சரி, மில் ஸ்டாப் வருவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, லாலி ரோடு சிக்னலே இன்னும் வரவில்லை. அதுவுமில்லாமல், பயப்படுவதற்கு இன்றைக்கு அவளுக்கு எங்கே ஒழிவு? அவளுக்குள் ஒரு கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சாயங்கால மணி அடித்ததும் எழுமே ஒரு இரைச்சல், அந்த இரைச்சல். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது! காலமெல்லாம் அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவளுக்கு, சரியான விடையைவிட இனிப்பானது ஒன்று உண்டென்றால், அது தப்பான விடைக்குள் ஒளிந்திருக்கும் தப்பான வரியைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான். பிடித்தாயிற்று. பிடித்தது அவள் இல்லை, ஆஸ்பத்திரியில் அந்த உணவு ஆலோசனைப் பெண் ஷிஃபானா. ஆனால் தப்பு அவளுடையது, முழுக்க முழுக்க அவளுடையது, அதில் யாருக்கும் பங்கில்லை.

"டிக்கெட் டிக்கெட்... அம்மா எங்கீங்?" என்றார் நடத்துனர். நடுத்தர வயது, தலைக்குச் சாயம், காதோரம் மட்டும் சாயம் மறந்த வெள்ளை. "மில் ஸ்டாப்புங்" என்றாள். பெண்களுக்கு இலவசம் என்பதால் பணம் இல்லை. ஆனாலும் சீட்டு கிழித்துக் கொடுத்தாக வேண்டும், பூச்சியத்துக்கும் ரசீது உண்டு. பூச்சியம் என்றால் இல்லை என்றுதானே எல்லாரும் நினைக்கிறார்கள், அதற்கும் ஒரு இடம் வேண்டும் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பாள். அவள் சாப்பாட்டுக்குப் போட்டுவந்த கணக்கும் பூச்சியத்தை நோக்கித்தானே போய்க்கொண்டிருந்தது. நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது, சிரிப்பும் வந்தது. சிறுநீரகம் பாதிப் பலத்துக்கும் கீழே வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த நாளில் பழைய டாக்டர், அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஒரு வாக்கியம் சொன்னார்: உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு முக்கால் கிராம் புரதம், அதுக்கு மேல வேண்டாங்கம்மா. வேறொரு மனுஷியாக இருந்தால், சரி பருப்பைக் கொஞ்சம் குறைப்போம் என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலமே பக்கோடா தின்றிருப்பாள், நன்றாகவும் இருந்திருப்பாள். இவள் கணக்கு டீச்சர். எடையை முக்காலால் பெருக்கினாள். எடை பார்க்கும் இயந்திரத்தில் மாதாமாதம் ஏறினாள். எடை குறைந்தது, உடனே பழைய விடை செல்லாது, புதிய எடையை முக்காலால் பெருக்கு. புரதம் குறைந்தது. புரதம் குறைந்ததால் சதை குறைந்தது, சதை குறைந்ததால் எடை குறைந்தது, எடை குறைந்ததால் மறுபடி பெருக்கு. ஒவ்வொரு பெருக்கலும் சரி, தசமப் புள்ளிகூட இடம் மாறவில்லை, எந்தப் பரீட்சையிலும் முழு மதிப்பெண். இதற்குமேல் ஒரு பயபக்தி வேறு: 'மேல வேண்டாம்' என்றால் கீழே போனால் இன்னும் நல்லதுதானே என்று, ஒவ்வொரு விடையிலும் கொஞ்சம் கிள்ளி எடுத்து ஓரம் வைத்தாள். சாம்பாரில் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக்கொண்டாள். முட்டையைக் கண்டால் போலீஸைக் கண்ட திருடன் மாதிரி விலகிப் போனாள். பெருக்குத் தொடர், விகிதம் ஒன்றுக்குக் குறைவு, எங்கே போய் முடியும் சொல்லு பார்ப்போம் என்று கடைசி பெஞ்சுப் பெண்ணை எழுப்பிக் கேட்டாலும், பூச்சியத்துல டீச்சர், என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண் எழுந்து, சொல்லி, உட்கார்ந்திருப்பாள். எழுந்து! எத்தனை சுலபமாக எழுந்தார்கள் அந்தப் பிள்ளைகள், பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள்.

லாலி ரோடு சிக்னலில் வண்டி நின்று உறுமியது; காலுக்குக் கீழே என்ஜின் சூடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் தூக்குப்போசியை வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். நல்ல அகலமான உடம்பு, வேர்வையும் விபூதியும் கலந்த வாசனை. மயிலாத்தாளுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது, தொண்டைவரை வந்துவிட்டது. "கண்டுபுடிச்சாச்சுங்க" என்றாள் சட்டென்று. அந்த அம்மாள் பதறித் திரும்பினாள். "ஏனுங், என்ன தொலைஞ்சு போச்சு?" "தொடைங்க." "என்னது?" "என்ற தொடைதானுங். சதை. கொஞ்சங் கொஞ்சமா காணாமப் போயிட்டே இருந்துது. வயசாயிருச்சு, அதனாலன்னு நெனச்சேன். வயசு இல்லீங்க, கணக்கு!" அந்த அம்மாள் ஒரு நிமிஷம் டீச்சரின் முகத்தையும் மறு நிமிஷம் அவள் சேலைக்குள் இருந்த தொடைப் பிரதேசத்தையும் பார்த்துவிட்டு, "என்றதுல வேணும்னா கொஞ்சம் எடுத்துக்கங்க, இங்க எச்சாக் கெடக்குது" என்று தன் தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தாள். தூக்குப்போசியின் மூடி கிணுகிணுத்தது. என்ன சத்தமான தொடை! தபலா மாதிரி. மயிலாத்தாள் தன் தொடையைத் தட்டினால் துணி தட்டுகிற சத்தம்தான் வரும். அங்கே நான்கு தலை கொண்ட ஒரு தசை இருக்கிறதாம், எங்கோ படித்திருக்கிறாள், முழங்காலை நீட்டுவதும் ஆளை நாற்காலியிலிருந்து கிளப்புவதும் அதன் உத்தியோகம். பாவம், சம்பளம் கொடுக்காமல் நான்கு தலையையும் தொங்கப் போட வைத்திருக்கிறாள். அதுவும் எப்படி? சந்தோஷமாக! ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் குறையக் குறைய அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிறுநீரகம் கழிவை வெளியேற்றாவிட்டால் ஏறுகிற எண் அது, அது இறங்குகிறதென்றால் சிறுநீரகம் தேறுகிறது என்றுதானே அர்த்தம். எதிர்வீட்டுக் கற்பகத்துக்கு மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தாள், அவளே கிண்டியது, தான் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. இன்றைக்கு டாக்டர் பையன், பையன்தான், மீசையே இப்போதுதான் யோசிக்கிறது, சிரிக்காமல் சொன்னான்: அம்மா, கிரியாட்டினின் வர்றதே சதையிலருந்துதான். சதை இருந்தாத்தான அது உற்பத்தியாகும். சதை போயிட்டா நம்பரும் எறங்கும். வேற ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்தோம், உங்க கிட்னி தேறவும் இல்ல, கெடவும் இல்ல, அப்படியேதான் இருக்குது. மைசூர்பாகு கிண்டியது தன் தொடை கரைந்ததற்கு! தன் சதையின் கருமாதிக்கு ஊருக்கு இனிப்புக் கொடுத்த ஒரே கிழவி கொங்கு நாட்டில் அவளாகத்தான் இருப்பாள்.

அதைக் கேட்டு அழுதிருக்க வேண்டும், ஷிஃபானா அழுகையை எதிர்பார்த்து மேஜைக்கு அடியிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக்கூட எடுத்து வைத்தாள். இவள் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததால் அந்தப் பெட்டியும் வீண் போகவில்லை. "டீச்சர், எடை கொறஞ்சா அளவு கொறைக்கக் கூடாதுங்க. நீங்க நல்லா இருந்தப்ப என்ன எடையோ, ஒசரத்துக்கு என்ன எடை இருக்கோணுமோ, அதுக்குத்தான் கணக்கு. முக்கால்ங்கறதுலயே நிக்கோணும்னும் இல்ல, இந்த வயசுல உங்களுக்குக் கொஞ்சம் கூட்டியே குடுக்கலாம்னு டாக்டர் எழுதிட்டார். முட்டை வெள்ளை சாப்பிடுங்க, தயிர் ஊத்திக்கங்க. அளவு நான் சொல்றேன், நீங்க பெருக்க வேண்டாம்." நீங்க பெருக்க வேண்டாம்! முப்பது வருஷத்துக்கு மேல் பெருக்கச் சொல்லிக் கொடுத்தவளிடம், ஒரு பெண், அதுவும் பெருக்க வேண்டாம் என்று. மாறிலியை மாறி என்று எடுத்துக்கொண்டுவிட்டாள், அவ்வளவுதான், எடை என்ற இடத்தில் ஒரு நிலையான எண் நின்றிருக்க வேண்டும். எந்தக் குழந்தையும் செய்கிற தப்பு. திருத்தக்கூடிய தப்பு! முதுமை என்றால் திருத்த முடியாது, நோய் என்றால் திருத்த முடியாது, ஆனால் கணக்குத் தப்பு என்றால் சிவப்புப் பேனாவை எடு, அந்த வரியை அடி, அடுத்த வரியிலிருந்து மறுபடி போடு. சாப்பாட்டோடு கூடவே தினம் காலுக்கு வேலையும் கொடுத்தால், போன சதை கொஞ்சமாவது திரும்பும் என்கிறார்கள். கொஞ்சமாவது. கொஞ்சம் போதும். அவள் ஓட்டப்பந்தயத்துக்கா போகப்போகிறாள். ஆனால் சந்தோஷத்தின் நடுவே அந்த நாற்காலி வந்து நின்றது. ஷிஃபானா கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "கையைக் கட்டிட்டு ஒருவாட்டி எந்திரிங்க டீச்சர்" என்றாள். பரிசோதனை என்றதும் உற்சாகமாகக் கையைக் கட்டினாள், முதுகை நிமிர்த்தினாள், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் மாதிரி. எழுந்திரு என்று காலுக்குச் சொன்னாள். கால் அதைக் கேட்டது, கேட்டுவிட்டு, எந்த வகுப்பு டீச்சர் நீங்க என்பது போலச் சும்மா இருந்தது.

இப்போது இந்தக் குழியில். வண்டி வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வேகம் எடுத்தது. ஜன்னலில் மரங்கள், நல்ல காற்று, ஆனால் எழுவது எப்படி? கையைக் கட்ட வேண்டாம், இங்கே பெஞ்சை ஊன்றிக்கொள்ளலாம். ஆனால் காலையில் ஆஸ்பத்திரியில் கைப்பலம் பார்க்க அமுக்கச் சொன்ன கருவியில் அவள் கைப்பிடியும் தோற்றுப்போனதே. மனிதர் யாராவது கை கொடுத்தால் ஒரு நொடி வேலை. அதுதான் கூடாது. அதுதான் பந்தயம். மகன் திருமூர்த்தி பெங்களூரில் இருக்கிறான். அவனுக்குக் கோபம் வராது, அதுதான் அவனோடு கஷ்டம்; கோபம் வந்தால் எதிர்க்கோபம் காட்டலாம். மெதுவாகப் பேசிப் பேசியே ஆளை லாரியில் ஏற்றிவிடுவான். குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்து குளித்தவள் எழ முடியாமல், கற்பகம் வந்து கதவை உடைத்துத் தூக்கிய பிறகு அவன் பேச்சு இன்னும் மெதுவாயிற்று. "அம்மா, உன்ற வீட்டை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், பூட்டிப் போடலாம். நீ இங்க வந்துரு." அங்கே பதினாறாவது மாடி. கதவுக்குச் சாவி கிடையாது, கட்டைவிரலை வைத்தால் திறக்கும். சாக்கட்டியில் தேய்ந்த விரலோ, வயசில் தேய்ந்த ரேகையோ, அவள் விரலை மட்டும் அந்தக் கதவு கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. போயிருந்த பத்து நாளும் வெளியே போக ஒருத்தர், உள்ளே வர ஒருத்தர். நல்ல மருமகள், நல்ல பேத்தி, நல்ல சோறு, ஆனால் ஒரு வீட்டுக் கதவு உன்னை யாரென்று தெரியாது என்று தினம் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்குப் போட்டால் எத்தனை நாளைக்கு மனுஷி தாங்குவாள்? இங்கே அவள் வீட்டு வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப். சாயங்காலம் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்தால் பாதி ஊர் பேசிவிட்டுப் போகும். "சரிடா, நான் தனியா இருக்க லாயக்கில்லைன்னு எதை வெச்சுச் சொல்றே? சோதிச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள், கேட்டிருக்கக்கூடாது. அவன் யோசித்தான். "ஆஸ்பத்திரிக்கு நீயே பஸ்ஸுல போயி நீயே வா. யாரு கையும் புடிக்காம, யாரும் தூக்கி விடாம. வந்துட்டீன்னா நான் பெங்களூர்ங்கற பேச்சையே எடுக்க மாட்டேன். வரலீன்னா ஞாயித்துக்கெழமை வண்டி கொண்டாறேன்." "வார்த்தை மாற மாட்டியே?" "நீ மாறுவியா?" மாறமாட்டாள், அதுதான் அவனுக்குத் தெரியும். அவளைப் பார்க்க இந்த வண்டியில் அவனுக்கு வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை; ஆனால் கருணை மதிப்பெண் என்று அரை மதிப்பெண்கூட ஆயுளில் யாருக்கும் போடாதவள், தனக்கு மட்டும் எப்படிப் போட்டுக்கொள்வாள்?

வடவள்ளியில் கூட்டம் இறங்கியது. மயிலாத்தாள் வேறு வேலையில்லாமல், வேறு வேலை என்ன, உயிர் போகிற வேலை, எழுகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு போலீஸ்காரர் எழுந்தார். கறிவேப்பிலைக் கட்டோடு ஒருத்தி எழுந்தாள். அந்தக் கல்லூரிப் பெண்கூட, எங்கோ பின்னால் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தவள், எழுந்தாள். ஒருத்தரும் நேராக எழவில்லை! ஒருத்தர்கூட! எல்லாரும் முதலில் குனிகிறார்கள், பாதத்தை அடியில் இழுக்கிறார்கள், தலை முழங்காலைத் தாண்டி முன்னால் போகிறது, பிருஷ்டம் முதலில் கிளம்புகிறது, முகம் கடைசியில் நிமிர்கிறது. மாடு எந்திரிக்கிற மாதிரி! பசு எழுவதைச் சின்ன வயதில் தினம் பார்த்திருக்கிறாள், பின்னங்காலை முதலில் தூக்கி, முன்னங்கால் மண்டியிட்டபடி, பெரிய மனுஷி சாமி கும்பிடுவது போல. மனித ஜாதி முழுக்க இப்படித்தான் எழுந்துகொண்டிருந்திருக்கிறது, அவள் மட்டும் கரும்பலகை முன்னால் நின்ற விறைப்பில், உட்கார்ந்தாலும் செங்குத்து எழுந்தாலும் செங்குத்து என்று இருந்திருக்கிறாள். வாலிபத்தில் தொடையில் பலம் இருந்தது, அந்த அகங்காரத்துக்கு அது கடன் கொடுத்தது. எடை பாதத்துக்கு மேலே வராமல் உடம்பு எப்படிக் கிளம்பும், இது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம்! உற்சாகம் மறுபடி தலைக்கேறியது. பாதத்தை இழுத்தாள், நகர்ந்து பெஞ்சின் விளிம்புக்கு வந்தாள், தலையைக் குனிந்து வைத்துப் பார்த்தாள். தூக்குப்போசி அம்மாள் பயந்து, "வாந்தி வருதுங்களா? ஜன்னல் பக்கம் வேணும்னா வாங்கொ" என்றாள். "இல்லீங்க, ஒத்திகை."

ஒத்திகை முடிவதற்குள் மில் ஸ்டாப் வந்துவிட்டது. மில் மூடி எத்தனையோ காலம், ஸ்டாப்புக்கு மட்டும் பெயர் இருக்கிறது. நடத்துனர் விசில் அடித்தார், ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மயிலாத்தாள் குனிந்து, எடையை முன்னால் தள்ளி, கிளம்பினாள், கிளம்பியே விட்டாள், பெஞ்சுக்கும் அவளுக்கும் நடுவே காற்று புகுந்ததை அவளே உணர்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் முன்னால் நிறுத்தலாம் என்று வண்டியை உலுக்கினார். பின்னால் சரிந்தாள். தூக்குப்போசி அம்மாள் முழங்கையை நோக்கிக் கை நீட்ட, "தொடாதீங்க!" என்று கத்திவிட்டாள். வகுப்பறைக் குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீட்டிய கை சூடு பட்டது போல மடங்கிப் போசியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், முகம் இறுகிவிட்டது. அந்த இறுக்கம் புதிதில்லை, பழகிய இறுக்கம், வேறு யார் யாரோ வேறு எதற்கெல்லாமோ அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். ஐயோ. ஐயோ, இந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவளா அவள்? ஸ்டாப் முக்கியமா இது முக்கியமா? "எறங்கறீங்ளா இல்லீங்ளா?" என்கிறார் நடத்துனர். வெளியே அவள் வீடு, அவள் வாசல், பச்சைப் பெயிண்ட் அடித்த கேட், எல்லாம் தெரிகிறது. "போலாம், போங்க" என்றாள் மயிலாத்தாள். விசில். வீடு பின்னால் போயிற்று. "அம்மா, இங்க பாருங்க. பாருங்களேன். நீங்க நெனக்கறது இல்லீங்க அது. என்ற மகனோட பந்தயம். யாரு கையும் படாம வீடு போய்ச் சேரோணும். உங்க கை பட்டுச்சுன்னா நாந் தோத்தேன். உங்க கைன்னு இல்ல, கலெக்டர் கையா இருந்தாலும் கத்தியிருப்பேன்." அந்த அம்மாள் திரும்பினாள், நம்புவதா என்று நிதானமாகப் பார்த்தாள், பார்க்கட்டும், அதற்கு அவளுக்குப் பாத்தியதை உண்டு. "தோத்தா என்னங்க ஆகும்?" "பெங்களூருக்குக் கொண்டு போயிருவான். பதினாறாவது மாடி." "அடப் பாவத்தே" என்றாள் அந்த அம்மாள், முகம் கொஞ்சம் இளகியது. "தொடலீனு நாஞ் சாட்சி சொல்றனுங். ஆனா இப்பத்தான் உங்கூட்டத் தாண்டி வந்துட்டமே?" "கடைசி ஸ்டாப் வரைக்கும் போறேன். அங்க வண்டி அசையாம நிக்குமில்லைங்க." சொல்லும்போதுதான் அது எத்தனை நல்ல யோசனை என்று அவளுக்கே தெரிந்தது. போயி வா என்றுதான் சொன்னான், நேர்வழியில் வா என்று சொல்லவில்லையே! போக்குவரத்தும் இலவசம்.

கடைசி ஸ்டாப் என்பது ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, வண்டி திரும்ப ஒரு மண் மைதானம். என்ஜின் அணைந்தது. அணைந்ததும் உலகமே அவளுக்காக மூச்சை நிறுத்தினது போல ஒரு நிசப்தம். எல்லாரும் இறங்கினார்கள், தூக்குப்போசி அம்மாள் மட்டும் இறங்கவில்லை, எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு சாட்சியாக நின்றாள். நடத்துனர் விவரம் கேட்டார், அந்த அம்மாளே சொன்னாள், டீச்சர் சொல்வதைவிடச் சுவாரஸ்யமாக, பெங்களூர் மாடியை இன்னும் நாலைந்து தளம் உயர்த்தி. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே திரும்பி உட்கார்ந்தார். பாதம் உள்ளே. விளிம்புக்கு வா. தொடையே, நான்கு தலையே, உனக்கு நான் செய்தது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன், இன்றைக்கு ராத்திரியிலிருந்து தயிர், நாளையிலிருந்து முட்டை வெள்ளை, ஷிஃபானா சொன்ன அளவு, நான் பெருக்கமாட்டேன், சத்தியமாகப் பெருக்கமாட்டேன். இப்போது ஒருமுறை கடனாக எழுந்திரு. குனிந்தாள், மூக்கு முழங்காலைத் தாண்டியது, தரையில் எப்போதோ யாரோ துப்பிய புளியங்கொட்டை ஒன்று தெரிந்தது, பின்புறம் கிளம்பியது, தொடை நடுங்கியது, மாவு சலிக்கும் சல்லடை மாதிரி நடுங்கியது, விழப்போகிறாள் விழப்போகிறாள் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்க, முழங்கால் ஒரு கிறீச்சலோடு நீண்டது. நின்றாள். மேலே ஆடும் கைப்பிடி கன்னத்தில் இடித்தது, அத்தனை உயரத்தில் இருந்தாள்! "அட்ரா சக்கை!" என்றார் ஓட்டுநர். சாட்சியம்மாள் கை தட்டினாள். மயிலாத்தாள் பெருமையாகச் சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். "ஏனுங், என்னாச்சு?" என்று பதறினார் நடத்துனர். "ஒண்ணும் ஆகல. ஒருவாட்டி சரியா வந்தாத் தற்செயலா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்தாள். இரண்டாம் முறை நடுக்கம் அதிகம், ஆனால் பயம் குறைவு. மூன்றாவது தடவைக்குத் தயாரானபோது சாட்சியம்மாளே, "போதுமுங்க டீச்சர், அது செத்துப் போயிரும்" என்று தொடைக்காக மன்றாடிவிட்டு, போசியை இடுக்கிக்கொண்டு இறங்கி, இறங்கிய பிறகும் ஜன்னல் வழியாக, "மகங்கிட்ட என்ற பேரச் சொல்லுங்க, ரங்காயின்னு, சாட்சி!" என்றாள். நடத்துனர் டீக்குப் போனார். "வரும்போது ரெண்டு அவிச்ச முட்டை வாங்கியாங்க" என்று காசு கொடுத்தாள். நாளைக்கு என்று சொன்னதை யார் பிடித்துக்கொண்டு தொங்குவது, இவ்வளவு உழைத்த தொடைக்கு இன்றைக்கே கூலி உண்டு. மஞ்சள் கருவைக் கற்பகத்தின் பூனைக்குப் போடலாம்.

வண்டி திரும்பிக் கிளம்பியது. இந்த முறை அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, காகிதப் பொட்டலத்துக்குள் முட்டைகளின் சூடு மடியில் பட, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ள. தொடை இரண்டும் எரிந்தன. இருக்கட்டும், எரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மில் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிட்டாள், குனிந்து, மாட்டு மரியாதையோடு. எழுந்தாயிற்று, ஆனால் படி இருக்கிறதே, படியை மறந்தே போனாள், கீழ்ப்படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் பள்ளம் மாதிரி இடைவெளி. விசில். வண்டி நின்றது. எதிரே பச்சை கேட். நடத்துனர் அவளுக்கு முன்னால் குதித்து இறங்கி, நல்ல மனுஷர், பழக்கத்தில், பந்தயம் எல்லாம் மறந்து, "மெதுவாங்மா, புடிச்சுக்கங்க" என்று உள்ளங்கையை விரித்து நீட்டினார். அகலமான, உறுதியான, பிடித்தால் விழவே முடியாத கை. மயிலாத்தாள் டீச்சர் அந்தக் கையை ஆசையோடு பார்த்தாள். பிறகு அதில் முட்டைப் பொட்டலத்தை வைத்தாள். "நசுக்கிராதீங்க சாமி" என்றாள். அவர் மலைத்து இரண்டு கையாலும் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு நிற்க, காலியான தன் இரண்டு கையாலும் இரண்டு பக்கக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை இறக்கி, மற்ற காலையும் இறக்கி, மண்ணில் நின்றாள். மூச்சு வாங்கியது. வண்டி முழுக்க ஜன்னலில் முகம். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, நடத்துனருக்கு முன்னால் கை நீட்டினாள்.

"இப்பக் குடுங்க," என்றாள், "என்ற முட்டையை."